வெற்றுத் தாள்கள்

பாண்டிச்செல்வியின் இடது காதுக்குள் மூன்று வருடமாக ஒரு சத்தம் குடியிருந்தது. உஸ், உஸ் என்று நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் வீட்டுச் சத்தம். கூடவே மண்டை கனக்கும், கண் மங்கும். வாடகையும் தராது, காலியும் பண்ணாது என்று அவளே அதைக் கேலி பேசுவாள். மூலையில் உட்கார்ந்து அழுவதெல்லாம் அவளுக்கு வராத வேலை.

தலையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய குழாயைக் கழுத்தில் ஓர் எலும்பு நெரிக்கிறது என்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். காதுக்குக் கீழே ஊசியாக நீண்டிருந்த அந்த எலும்பை வெட்டியும் எடுத்தார்கள். வீட்டில் படுத்து ஓய்வெடுத்த இரண்டு மாதமும் சத்தம் மூச்சுக் காட்டவில்லை. பாண்டிச்செல்வி சந்தோஷம் தாங்காமல் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். விஸ்வநத்தம் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மறுபடி சரவெடி பின்ன உட்கார்ந்தாள்; முதல் வாரமே உஸ் என்று வந்து சேர்ந்தது. கேசரி கொடுத்த வெட்கம் வேறு.

ஆபரேஷன் செய்த டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பை எடுத்தாச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. இது மனசுல இருக்கிற பயம்மா. தூக்கத்துக்கு மாத்திரை எழுதுறேன்" என்றார். சத்தத்தைவிட அந்தப் பேச்சுதான் அவளை அரித்தது. இன்னொரு டாக்டரும் இதையே சொல்லிவிட்டால் தனக்கு மூளை பிசகிவிட்டதென்று தானே நம்பிவிடுவோம் என்று பயந்தாள். அந்த ஒரு பயத்தைக் கணவன் ஜெயபாண்டியிடம்கூட அவள் சொல்லவில்லை.

வழி காட்டியது அடுத்த தெரு ஞானபூரணி, அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். "சென்னையில வினோலியானு ஒரு டாக்டரம்மா இருக்காக. இந்தக் கழுத்துக் குழாய்க்குன்னே படிச்சவுக. உங்க பேரைப் பதிஞ்சுட்டேன், அஞ்சு மாசம் கழிச்சுத்தான் வரச் சொல்லியிருக்காக. அதுவரைக்கும் சத்தம் எப்ப வருது, எம்புட்டு நேரம் இருக்குதுனு நாள் தவறாம எழுதிக்கிட்டுப் போங்க."

சிவகாசியில் எழுதத் தாளுக்கா பஞ்சம்? ஜெயபாண்டி அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்ப்பவன். வீட்டில் அறைக்கு ஒரு தினசரி காலண்டர் தொங்கும். பாண்டிச்செல்வி அன்றன்றைக்குத் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினாள். 'காலை பத்து மணிக்கு வந்தது. மூன்று மணிக்குக் கண் மங்கியது.' சத்தம் வராத நாளில் ஒன்றும் எழுதாமல் தாளை மட்டும் டப்பாவில் போட்டு வைத்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஜெயபாண்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அச்சாபீஸுக்குப் போனான். குப்பையாக அள்ளிக்கொண்டு போனால் டாக்டரம்மா என்ன நினைப்பார்கள்? தேதி வரிசைப்படி அடுக்கினான், ஓரம் வெட்டினான், நூல் போட்டுத் தைத்தான். மேலே ஒரு நகைக்கடை காலண்டரின் அட்டை. கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து வியாதிக்குப் பொருத்தமான படம்தான்" என்று பாண்டிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

சாத்தூர் காராச்சேவு இரண்டு பொட்டலத்தோடு விருதுநகரில் ரயில் ஏறினார்கள்.

டாக்டர் வினோலியா அட்டையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தார். நிஜமாகவே படித்தார். பாண்டிச்செல்விக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது. பத்துத் தாள் தாண்டியதும் டாக்டரின் விரல் நின்றது.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்லையே. சிவப்புத் தாளெல்லாம் எங்கே?"

ஜெயபாண்டி பெருமையோடு நிமிர்ந்தான். "வேஸ்ட்டைக் கழிச்சுட்டேங்க டாக்டரம்மா. ஒண்ணும் எழுதாத வெத்துத் தாளு. எங்க ஆபீஸ்ல அச்சு விழாத தாளைச் சேர்த்துத் தச்சா மேஸ்திரி தோலை உரிச்சுருவாரு."

"கழிச்சீகளா!" பாண்டிச்செல்வியின் குரல் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களை எட்டியது. "என்னைக் கேக்காமலா? நல்லா இருந்த நாளுக்கும் கணக்கு வேணாமா?"

"சண்டை அப்புறம்" என்றார் டாக்டர். அவர் காணாமல்போன தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு எல்லாம். தீபாவளி முடிந்து முழுசாக ஒரு மாதம். கார்த்திகை மழையில் மூன்று நாள். பொங்கலுக்கு நாலு நாள். "உங்க வியாதி சரியா லீவு எடுக்குதும்மா. இந்த நாளெல்லாம் என்ன?"

பாண்டிச்செல்வி யோசித்தாள். "அன்னைக்கெல்லாம் பயராபீஸ் கிடையாதுங்க. நான் சரம் பின்னலை."

"சரம் எப்படிப் பின்னுவீங்க? பின்னிக் காட்டுங்க."

ஆஸ்பத்திரி அறையில், பளபளவென்ற தரையில், பாண்டிச்செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெடிக்குப் பதிலாக மேஜைமேல் இருந்த பேனாக்களையெல்லாம் டாக்டரே எடுத்துக் கொடுத்தார். அவற்றை இடப்பக்கம் குவித்தாள். கட்டுப்போடும் துணிதான் நூல். தலை குனிந்து, கழுத்து இடப்பக்கம் திரும்பி, கை தானாக ஓட ஆரம்பித்தது. பதினாறு வருடப் பழக்கம், பேனாவாவது வெடியாவது. நாலு நிமிடம் போனது, அஞ்சு நிமிடம் போனது. எங்கே வராமல் மோசம் செய்துவிடுமோ என்று அவளுக்கு வியர்த்துவிட்டது.

"வந்துருச்சு!" என்று கத்தினாள். தொலைந்த ஆட்டுக்குட்டி திரும்பி வந்தமாதிரி அத்தனை மகிழ்ச்சி. மூன்று வருடத்தில் அந்தச் சத்தத்தை அவள் வாவென்று வரவேற்றது அன்றைக்குத்தான்.

"அசையாதீங்க." டாக்டரும் தரையில் உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப்பை அவள் காதுக்குப் பின்னால் வைத்தார். பிறகு அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "எனக்கும் கேக்குதும்மா."

பாண்டிச்செல்வி அழுதாள். மூக்கு சிந்தி, முந்தானை நனைய, ஆசைதீர அழுதாள். தனக்குப் பைத்தியம் இல்லை. கோளாறு கழுத்தில்தான், மூளையில் இல்லை.

"எனக்கும் ஒருக்கா குடுங்க டாக்டரம்மா" என்று ஜெயபாண்டி கெஞ்சி ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக் கேட்டான். அவன் முகம் மாறிவிட்டது. "ஏயாத்தே! இதையா செல்வி அம்புட்டு நாளும் தனியாக் கேட்டுக்கிட்டு இருந்த?"

அதுவரை எடுத்த படமெல்லாம் நேராகப் படுக்க வைத்து எடுத்தது. டாக்டர் வினோலியா தலையை இடப்பக்கம் திருப்பி வைத்து எடுக்கச் சொன்னார். நேரே இருந்தால் குழாய் திறந்திருந்தது. திருப்பினால் கழுத்தின் முதல் எலும்பு அதைப் பிடித்து நெரித்தது. போன ஆபரேஷனில் எடுத்தது குழாய்க்கு முன்னால் இருந்த எலும்பைத்தான், பின்னால் இருக்கிற இந்த எலும்பு அப்படியே இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அந்த எலும்பின் ஓரத்தை மட்டும் செதுக்கி எடுக்க நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் பாண்டிச்செல்வி கண் விழித்தாள். உஸ்… உஸ்… பதறிப்போய் மணியை அழுத்தினாள். ஓடிவந்த நர்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜெயபாண்டியைக் காலால் தொட்டு எழுப்பினாள். சத்தம் நின்றது. பாண்டிச்செல்வி கழுத்துத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

ஆனால் கேசரி கிண்டவில்லை. ஒருமுறை பட்டது போதும். மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பயராபீஸுக்குப் போனாள். டாக்டர் சொன்னபடி வெடிக்குவியலை இடப்பக்கத்திலிருந்து நேர் எதிரே, ஒரு பலகைமேல் மாற்றிக்கொண்டாள். பத்து மணி வந்தது. மூன்று மணி வந்தது. பக்கத்தில் இருந்த சண்முகத்தாய் தன் மருமகளை வைத பேச்சு ஒரு சொல் விடாமல் இரண்டு காதிலும் விழுந்தது.

சாயங்காலம் வீட்டில் அன்றைய தாளைக் கிழித்து, பேனாவைத் திறந்து, முதுகைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத ஒன்றும் இல்லை. தாளைக் கணவனிடம் நீட்டினாள். கறுப்பு மையில் அச்சடித்த, வேலைநாள் திங்கட்கிழமை. ஜெயபாண்டி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"தெரு முழுக்கன்னா ரவை எம்புட்டு வாங்கணும்?"

"மூணு கிலோ. முந்திரிப்பருப்பு கால் கிலோ. ஏலக்காய்."

அவன் தாளைத் தொடைமேல் வைத்துப் பேனாவை எடுத்தான்.

"அதுல எழுதாதீக!" என்று பாண்டிச்செல்வி போட்ட கூச்சலில் வாசலில் கிடந்த நாய் எழுந்து நின்றது.

ஜெயபாண்டி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தான். ரவைக் கணக்கை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனான்.