சேற்றின் மேல் புதுச் சப்பாத்து

"உம்மட சேத்தில எப்ப ஏறி நிக்கலாம், நிலாணி?"

சிவபாதம் இப்படிக் கேட்டால் கூட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். கனடாவின் மார்க்கம் நகரிலுள்ள அந்த ஆய்வுகூடத்தின் தலைவர் அவர். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நிலாணியும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

வராமல் என்ன செய்யும்? அல்பேர்ட்டாவில் எண்ணெய் மணலைக் கழுவியபின் மிஞ்சும் சேறு, பெரிய பெரிய குளங்களில் ஆண்டுக்கணக்காகக் கூழாகவே கிடக்கிறது. அந்தக் களிமண் தண்ணீரை விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உறையவைத்து உருகவிட்டால் தண்ணீர் பிரிந்து சேறு இறுகும் என்பது அந்தத் துறையில் பழைய சங்கதி. ஆனால் நிலாணி சேறு நிரப்பி வெளியே குளிரில் வைத்த முதல் பெட்டி மேலே மட்டும் உறைந்து, கீழே கூழாகவே இருந்தது. அடுத்ததும் தோற்றால் ஆய்வை நிறுத்துவதாக, அதற்குக் காசு தரும் எண்ணெய்க் கம்பனி சொல்லிவிட்டது. அதோடு அவளுடைய வேலையும் போய்விடும்.

ஒருநாள் காலை மல்வேர்னில் தன் வீட்டு வாசலில் காரை எடுக்கப் போனவள் வழுக்கி விழப் பார்த்தாள். தரையில் மெல்லியதாகத் தேங்கிய தண்ணீர் அடிவரை கல்லாகியிருந்தது. பக்கத்து வடிகால் கானிலோ மேலே மட்டும் பனிக்கட்டி, கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிலாணி தலையில் அடித்துக்கொண்டாள். மெல்லிய படை படையாக, ஒன்று உறைந்தபின் அடுத்ததாக ஊற்றவேண்டும் என்று அவளே படித்ததுதான். நாள் போகிறதே என்ற அவதியில் பெட்டியை ஒரேயடியாக நிரப்பித் தொலைத்திருந்தாள்.

அன்றே கட்டடத்தின் பின்புறம் புதுப் பெட்டியை வைத்தாள். விரல் தடிப்புக்கு ஊற்றுவாள். அது முழுக்க உறைந்தபின்தான் அடுத்த படை. மேலே பனி விழுந்தால் குளிர் உள்ளே இறங்காது என்று ஓடிப்போய் வழித்துவிடுவாள்.

கூட வேலை செய்யும் செலீன் கதவைத் திறந்து கத்தினாள். "உமக்கென்ன விசரே? மூக்குக் கழண்டு விழப்போகுது, உள்ள வாரும்!"

"இந்தப் படை இறுகட்டும், வாறன்."

பெட்டி நிரம்பியதும் உள்ளே இழுத்து வந்து உருகவிட்டார்கள். அடியிலிருந்த குழாயால் தெளிந்த தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்து நிலாணி வாய்விட்டு அழுதாள், செலீன் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

கம்பனிக்காரர் வந்த அன்று சிவபாதம் கோட்டும் சூட்டுமாக நின்றார்.

"அண்ணை, ஏறி நில்லுங்கோ," என்றாள் நிலாணி, பெட்டியைக் காட்டி.

"இது புதுச் சப்பாத்து, பிள்ளை."

"ஓம், தெரியும்."

எல்லோரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். சிவபாதம் ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார். சேறு அசையவில்லை. மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி ஒருமுறை துள்ளியும் பார்த்தார். கம்பனிக்காரர் கைதட்டத் தொடங்கினார்கள்.

இறங்கி வந்தவர் சப்பாத்தைத் தட்டிவிட்டார். "சரி, வாற விண்டருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேணும், சொல்லும்."

"பெட்டி காணாது அண்ணை," என்றாள் நிலாணி. "எனக்குக் குளம் வேணும்."