இடுப்புக் கயிறு

வெளுக்கும் முன்பே பீர்முனைக் கடற்கரையில் சங்கு குளிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தண்டல்மார் ஆள் பொறுக்குவது அந்த நேரத்தில்தான். படகுக்குப் பொறுப்பானவன் தண்டல். அவன் கையைக் காட்டினால் அன்றைக்கு அடுப்பெரியும், காட்டாவிட்டால் எழுந்து போகவேண்டியதுதான். மைதீன் ஈர மணலில் குந்தியிருந்தான். ஒவ்வொரு அலையும் உடையும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டான். இது அவன் பிறந்த ஊர். இந்த மணலில்தான் நடை பழகினான். ஆனாலும் எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் அவன் மனைவி ஆமினாவின் தம்பி செய்யது. இருபது வயதுப் பையனுக்குக் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"மச்சான், இதுக்கு அந்தக் கரை தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப மூச்சு முட்டினா எதைப் பிடிச்சிக்கிட்டு நிப்பீய?"

"நீ பிடிக்கப்போற கயித்தைத்தான்" என்றான் மைதீன்.

சங்கரன்கோவிலில் இரண்டு பேரும் தறி நெய்தவர்கள். நூல் பஞ்சம் வந்தது. வாரத்துக்கு ஒரு பாவு நூல் கொடுத்த முதலாளி மாதத்துக்கு ஒன்று என்றார், பிறகு கையை விரித்துவிட்டார். தெரு முழுக்கத் தறிச்சத்தம் அடங்கியது. மைதீனின் தறிக்குழியில் பூனை குட்டி போட்டது. தேரடிப் பக்கம் கஞ்சித்தொட்டி திறந்தபோது, ஆமினா சட்டியை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அங்கே பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளும் அதே மாதிரி மறைத்துக்கொண்டு நின்றாளாம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை என்று வந்து சொல்லிவிட்டு அழுதாள்.

அவனுக்குத் தெரிந்த இன்னொரு வேலை முங்குவதுதான். சங்கரன்கோவிலில் யார் வீட்டுச் செம்பு கிணற்றில் விழுந்தாலும் மைதீனைத்தான் தேடி வருவார்கள். ஒரே முங்கில் எடுத்துவிடுவான். "சங்கு குளிச்சவன் ரத்தம்லா" என்று ஊரார் மெச்சும்போது அவன் உம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிணற்றுக்குச் சுவர் உண்டு, படி உண்டு. கடலுக்கு என்ன உண்டு?

அவன் வாப்பா காசிம் இதே கடலில்தான் போனார். குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறு நுனியைப் படகில் மச்சினன்தான் பிடிக்கவேண்டும். கூடப் பிறந்தவள் கழுத்துக் கருகமணி அறுவதை எவனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான் என்பதால் அங்கே அப்படியொரு முறை. அன்றைக்கு மாமாவுக்குக் காய்ச்சல். கூலிக்கு வந்த ஒருவன் பிடித்தான். அவன் கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு பீடி பற்றவைத்திருந்தானாம். தூக்கச் சொல்லி வாப்பா அடியிலிருந்து இழுத்தது அவனுக்குத் தெரியவில்லை. வாப்பாவைக் கரையில் கிடத்தியபோது மைதீனுக்குப் பத்து வயது. அவர் காதோரம் மணலும் ரத்தமும் காய்ந்திருந்தன. உம்மா அவனை இழுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தவள், சாகும்வரை மீன் தின்னவில்லை. அவள் மண்ணுக்குள் போனபிறகுதான் அவன் இங்கே வரத் துணிந்தான்.

தண்டல் பீர்க்கண்ணு லாந்தரைத் தூக்கி மைதீன் முகத்தில் பிடித்தார்.

"எந்த ஊருவே?"

"சங்கரங்கோயில்."

"அங்கன ஏது கடலு? குடத்துக்குள்ள முங்கிப் படிச்சீரோ?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"காசிம் மவன்" என்றான் மைதீன். சிரிப்பு நின்றது. பீர்க்கண்ணு லாந்தரைத் தாழ்த்தினார். "காசிம் மவனா? ஒங்க வாப்பா மூச்சு மாதிரி இந்தக் கரையில எவனுக்கும் கெடையாதுடே. கயிறு பிடிக்க ஆளிருக்கா?"

"மச்சினன் இருக்கான்."

பீர்க்கண்ணு செய்யதின் மெலிந்த கைகளைப் பார்த்தார். நூலைத் தவிர வேறெதையும் பிடிக்காத கைகள். "ஏறுங்க. ஆனா ஒண்ணு. இன்னைக்குச் சங்கு வரலைன்னா நாளைக்கு என் படகுல எடம் இல்லை."

கரை மறைந்ததும் செய்யது குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். சங்கு கிடக்கும் கடலடித் திட்டான பாருக்கு மேலே வந்ததும் பாய் இறக்கினார்கள். படகின் பின்பக்கம் குடை விரித்து, துவாரம் போட்ட மரப்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, சங்கை ஏலத்தில் எடுத்த ஏலக்காரரின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகை எதற்கென்று மைதீன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை. அடிக்கு இழுத்துப்போகும் கல்லில் காலை வைத்து, வலைப்பையைக் கழுத்தில் மாட்டி, பிஸ்மி சொல்லி இறங்கினான்.

பச்சை கறுப்பாயிற்று. காதுக்குள் ஊசி இறங்கியது. வாப்பா இங்கேதான் எங்கோ கண்ணைத் திறந்தபடி கிடந்திருப்பார் என்ற நினைப்பு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடியில் மணலைத் தொட்டான். விரலில் ஏதோ தட்டுப்படுவதற்குள் இடுப்பு வெடுக்கென்று இழுபட்டது. வெறுங்கையோடு மேலே வந்தான்.

"ஏலே, நான் இழுக்கலையே!"

"கயிறு அசைஞ்சுது மச்சான்."

"தண்ணியில அசையாம கெடக்குமா?"

அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். பாவில் ஒரு இழை தொய்ந்தாலே கண்டுபிடிக்கிற விரல்கள் செய்யதினுடையவை. கடலின் ஒவ்வொரு அசைவும் மச்சானின் கூப்பாடாகவே அவனுக்குக் கேட்டது. மற்றவர்கள் பை பையாகச் சங்கு கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

பீர்க்கண்ணு பொறுமையிழந்தார். "இது வேலைக்காவாது. கயித்தை வேல்சாமிகிட்ட குடு. அவன் கூலிக்குப் பிடிப்பான்."

செய்யது கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டான். "தரமாட்டேன். ஆமினா ராத்தா என் கையிலதான் இவரைக் குடுத்தா."

"அப்ப ரெண்டு பேரும் நாளைக்கு ஊருக்குப் போங்கவே. அங்கன கஞ்சி ஊத்துதாங்களாம்லா?"

மைதீனுக்குச் சட்டியை மறைத்துக்கொண்டு நின்ற ஆமினா நினைவுக்கு வந்தாள். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மச்சினனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "செய்யது, நான் மூணு தடவை வெட்டி இழுப்பேன். அதுக்கு முன்னால இழுக்காத. என்ன ஆனாலும் இழுக்காத."

"மூணாவது இழுப்பு வரலைன்னா?"

மைதீன் கல்லில் காலை வைத்தான்.

இந்த முறை கயிறு அசையவில்லை. இருட்டில் தவழ்ந்து தவழ்ந்து தடவினான். கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையில் போட்டான். கல்லா சங்கா என்று தொட்டுத்தான் தெரிந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை போய்க்கொண்டே இருந்தது. இதோடு போதும் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவைக்குக் கையைத் தூக்கினான். கை வரவில்லை. மேலே இழுப்பில்லை. சொன்ன சொல்லை அப்படியே கேட்டுக்கொண்டு அந்தப் பயல் உட்கார்ந்திருக்கிறான். உம்மா என்று கத்த வாய் திறந்தான். உப்பு உள்ளே போயிற்று.

கண் விழித்தபோது படகுப் பலகையில் குப்புறக் கிடந்தான். யாரோ முதுகை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வலது காதிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ கழுத்தில் வழிந்தது. "ரெண்டோட நின்னுபோச்சு மச்சான்! மூணாவது வரலை, நான் இழுத்துட்டேன், இழுத்துட்டேன்..." என்று செய்யது பிதற்றிக்கொண்டிருந்தான்.

"பை ரொம்பிருக்குடே!" என்றார் பீர்க்கண்ணு. "காசிம் மவனேதான்."

மைதீனுக்கு அழுகை வந்தது. பிழைத்ததற்கா, பை நிரம்பியதற்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏலக்காரரின் ஆள் பையை வாங்கிக்கொண்டு, துவாரப் பலகையைப் படகு விளிம்புக்கு வெளியே, கடலுக்கு நேராக நீட்டினார். ஒரு சங்கை எடுத்துத் துவாரத்தில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரில் விழுந்தது.

"ஐயா, என்ன செய்தீய?" என்று எழப் பார்த்தான் மைதீன்.

"இதுல நுழையுறது குஞ்சு. அதுக்குக் காசு கிடையாது. வளரட்டும்."

"அடியில இருட்டுய்யா. அளவு எப்படித் தெரியும்?"

அவர் இன்னொன்றை வைத்தார். ஒன்று பலகையில் தங்கியது. அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றவை போய்க்கொண்டிருந்தன.

"கயித்தைக் குடுடே, அடுத்த ஆளு இறங்கணும்" என்றார் பீர்க்கண்ணு. செய்யது அசையவில்லை. கொடுக்க மறுக்கவில்லை, அவன் விரல்கள்தான் விரியவில்லை. தன் கையையே யாருடைய கையோ என்பது போல அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதீன் நகர்ந்து வந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்தான். கயிறு உள்ளங்கைச் சதையில் பதிந்திருந்தது. கட்டைவிரலைப் பிடித்து மெல்ல விலக்கினான். பின்னால் ஒரு சங்கு தண்ணீரில் விழுந்தது. அடுத்த விரலை விலக்கினான். இன்னொன்று விழுந்தது.