ஆதம்பாவா வாசித்த பட்டியல்

கிண்ணியாவில் அந்த மாதம் கிரனோலா என்கிற வெள்ளைக்காரக் காலைச் சாப்பாடு வறுத்த ஒரே மனுஷி நஜ்முன் நிஸாவாகத்தான் இருந்திருப்பாள். அதுவும் தாச்சிச் சட்டியில். போறணை அடுப்பு உள்ளவர்கள் தட்டில் பரப்பி உள்ளே தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்களாம். மகள் ஜுமானா போனில் காட்டிய வீடியோவில் அந்த வெள்ளைக்காரி அப்படித்தான் செய்தாள். நஜ்முன் நிஸாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காஸ் அடுப்பை அணைந்துவிடுமோ என்கிற அளவுக்குக் குறைத்து வைத்து, ஒன்றரை மணித்தியாலம் அகப்பையும் கையுமாக நின்றாள். கொஞ்சம் கண்ணை எடுத்தால் எள்ளு கருகிவிடும். எள்ளு கருகினால் மொத்தமும் கசக்கும். ஐம்பத்து நாலு வயதில், முழங்கால் நோவோடு, பெருநாள் பிரியாணிக்குக்கூட அவள் இப்படி மெனக்கெட்டதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. புருஷன் ஆதம்பாவாவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் பாலத்தைத் தாண்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வருகிறார். அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், ஜுமானாவின் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து அவருக்கு வைக்கப் போகிறார்கள். அதற்குள் உடம்பு தேறியாக வேண்டும். தேறாவிட்டால் மேசையில் ஏற்ற மாட்டேன் என்று அங்கேயுள்ள பெரிய டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜுமானாவுக்கு இருபத்து நாலு வயது. நகரத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். முனீப் என்கிற மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. ஆதம்பாவாவுக்கு மகளிடம் சிறுநீரகம் வாங்குவது அறவே பிடிக்கவில்லை. ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னார்.

"குமர்ப் புள்ளட வயித்தக் கிழிச்சு எடுத்துத்தான் நான் உசிரோட இரிக்கணுமா? எனக்கு வேணாம்."

யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? "வாப்பா, நீங்க சும்மா இரிங்க, ஒங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று ஜுமானா ஒற்றைக் காலில் நின்றாள். ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவங்களை அவளே நிரப்பி, பேனையை அவர் கையில் திணித்தாள். அவர் கையெழுத்து வைத்தார். அதோடு அந்தக் கதையையே விட்டுவிட்டார். மனிதர் இணங்கிவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நஜ்முன் நிஸாவும் அப்படித்தான் நினைத்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள், அவர் பேசாமல் இருப்பதற்கு இன்னோர் அர்த்தம் இருக்கலாம் என்று யோசிக்காமல் போனாள்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கடதாசி ஒன்று கொடுத்திருந்தார்கள். தமிழில் அடித்தவை முடிந்துவிட்டன என்று சிங்களத்தில் ஒன்று. அந்த வீட்டுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் இருபத்தாறு வருஷம் களஞ்சியம் பார்த்த மனுஷனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கரண்ட் பில்லோ, கந்தோர்க் கடிதமோ, சிங்களத்தில் எது வந்தாலும் வாப்பாவின் கைக்குப் போகும். அவர் வாசித்துச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். திருப்பி வாங்கிப் பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது.

கடதாசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டியல் இருந்தன. ஆதம்பாவா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலப்பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதெல்லாம் சாப்பிடலாம். கச்சான், கஜு, பாதாம், எள்ளு, பேரீச்சம்பழம், முந்திரிகை வத்தல், தேங்காய்ப்பூ, வாழப்பழம்."

"சாப்பிடப்படாதது?" என்று கேட்டாள் நஜ்முன் நிஸா.

விரல் இடப்பக்கம் போனது. "முட்டைக்கோவா, புடலங்கா, அப்பிள், வெள்ளச் சோறு."

"அப்பிளுமா?"

"எழுதிக் கிடக்கிறதத்தானே புள்ள சொல்றன்."

நஜ்முன் நிஸாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் ஞாபகம் உண்டு. கச்சான், கஜு, பாதாம், எள்ளு என்று யாசீன் ஓதுவதுபோல நாலு தரம் சொல்லிப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வருத்தக்காரனுக்கு ருசியானதைக் கொடு என்று சொல்கிற டொக்டரும் உலகத்தில் இருக்கிறாரே!

அன்று பின்னேரம் ஜுமானா வந்ததும் முழுப் பட்டியலையும் ஒப்புவித்தாள். "இதெல்லாம் சேர்த்தா கிரனோலாதான் உம்மா" என்று ஜுமானா துள்ளினாள். மறுநாள் ஓட்ஸும் கித்துள் வெல்லப்பாணியும் வாங்கி வந்தாள். கச்சான் கடலையைத் தோல் நீக்குவதும், பாதாமைக் குறுக்கே நறுக்குவதும், கறுவாவையும் ஏலத்தையும் சுக்கையும் இடித்துச் சலிப்பதும் உம்மாவின் வேலை. கடைசியில் பாணியையும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயையும் சூடாக்கி ஊற்றிப் பிரட்டினாள். அடுப்பில் இருக்கும்போது அது பிசுபிசு என்றுதான் இருக்கும்; இறக்கி ஆறவிட்டால்தான் மொறுமொறுப்பு வரும். முதல் நாள் அது தெரியாமல் பயந்துபோனாள். ஆறியபின் விரலால் நசித்துப் பார்த்தாள். பொல பொலவென்று உடைந்தது. வீடெல்லாம் கறுவா மணந்தது.

ஆதம்பாவா கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன புள்ள இது, குருவிச் சாப்பாடு?"

ஆனால் சாப்பிட்டார். காலையில் ஒரு கோப்பை, பின்னேரம் ஒன்று, இஷாத் தொழுகைக்குப் பிறகு இன்னொன்று. கறியில் உப்புக் கூடிப்போனால் மட்டும் வாய் திறக்கிற மனுஷன், "இது நல்லாத்தான் இரிக்கு நிஸா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. குசினிக்குள் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த தாச்சிக்குப் பேரீச்சம்பழத்தை இரண்டு மடங்காக்கினாள்.

தொழுது கையேந்தும்போது மட்டும் அவளுக்கு வாய் குழறும். புருஷனை முதலில் கேட்பதா, பிள்ளையை முதலில் கேட்பதா? ஒருவரைக் கேட்டால் மற்றவரை விட்டுக்கொடுத்ததுபோல் இருக்கும். ஒன்றும் கேட்காமல் முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பிவிடுவாள். அப்புறம் அடுப்படிக்குப் போவாள். வறுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஆதம்பாவா லுஹர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யக் குந்தினார். குந்தியவரால் எழும்ப முடியவில்லை.

"நிஸா, இஞ்ச வா. காலு என்ட காலு மாதிரி இல்ல."

முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது நாடி விட்டுவிட்டு அடித்தது. ஏறப்போனவள் திரும்பி ஓடி, ஆஸ்பத்திரிக் கடதாசிகள் வைத்த கோப்போடு ஒரு போத்தல் நிறையக் கிரனோலாவையும் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். பாலத்தில் போகும்போது அவருடைய தலை அவள் தோளில் கிடந்தது, போத்தல் மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்செல்லாம் வயர் ஒட்டி, இரண்டு ஊசி அடித்து, மூன்று பேர் சேர்ந்து ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தாதி தர்சிகா அவளிடம் வந்தாள். சின்னப் பெண்தான், முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, இவருக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இதயம் நிண்டிருக்கும். வீட்டில என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"கடதாசில இரிக்கிறதத்தான் மிஸ் குடுத்தன்." நஜ்முன் நிஸா போத்தலைப் பெருமையோடு நீட்டினாள். "ஒரு நாளும் விட்டதில்ல. மூணு நேரமும்."

தர்சிகா மூடியைத் திறந்தாள், பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் கிடந்த கோப்பிலிருந்து கடதாசியை உருவினாள்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் அம்மா. இந்தப் பக்கம் சாப்பிடக் கூடியது. முட்டைக்கோவா, புடலங்காய், அப்பிள், வெள்ளைச் சோறு." விரல் மற்றப் பக்கம் போனது. "இது தொடவே கூடாதது. கச்சான், கஜு, பாதாம், எள்ளு, பேரீச்சம்பழம், முந்திரிகை வத்தல், தேங்காய்ப்பூ, வாழைப்பழம்."

ஒரு சொல் முன்பின் மாறவில்லை. அவள் நாலு தரம் சொல்லி மனசில் பதித்த அதே வரிசை. தவறாக வாசித்திருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் இடறியிருக்க வேண்டும், ஒரு கொட்டையாவது விடுபட்டிருக்க வேண்டும். ஆதம்பாவா எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் வாசித்திருக்கிறார். தலைப்பை மட்டும் இடம் மாற்றிவிட்டார்.

தர்சிகா டொக்டரைக் கூப்பிடப் போனதும் நஜ்முன் நிஸா கட்டிலருகே போய் நின்றாள். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"தெரிஞ்சிதான் திண்டீங்களா?"

அவர் முகட்டைப் பார்த்தார்.

"ஒங்களத்தான் கேக்கிறன். தெரிஞ்சிதானா?"

"மூணு தரம் வாயால சொன்னன்," என்றார் ஆதம்பாவா. "ஆரு கேட்டீங்க? ரெண்டோட படைச்சவன் ரெண்டும் அவளுக்கெண்டுதானே படைச்சான். நாளைக்கு அவள் புள்ள பெறணும். நான் போயிட்டா அவளுக்கு ஒரு வெட்டும் இல்ல."

"அதுக்கு என்ட கையா ஒங்களுக்குக் கெடச்சிது?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேற ஆர்ட கையால நான் சாப்பிட்டிரிக்கன், நிஸா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த மெலிந்த தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஒன்றரை மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலமாக எத்தனை நாள் நின்றாள்! நல்லா இருக்கு என்றாரே, இன்னும் போடு என்றாரே, அதைக் கேட்டு அழுதாளே! இனிமேல் செத்தாலும் அந்தச் சொல்லை நினைத்து அவளால் சந்தோஷப்பட முடியாது.

ஜுமானா மூச்சு வாங்க ஓடி வந்தாள். முன்பள்ளி உடுப்போடு, கையில் சுண்ணக்கட்டித் தூசியோடு வந்தவளை டொக்டரும் தர்சிகாவும் வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கட்டிலடிக்கு வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"ஆரு இத வாசிச்சுச் சொன்ன?"

ஆதம்பாவா கண்ணை மூடிக்கொண்டார். நஜ்முன் நிஸா மகளைப் பார்த்தாள். உன் சிறுநீரகம் வேண்டாமென்றுதான் உன் வாப்பா தின்றார் என்று இந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? சொன்னால், வெட்டாமலே அவள் வயிறு கிழிந்துவிடும்.

"வாப்பா சரியாத்தான் சொன்னார். நான்தான் மாறி விளங்கிட்டன்."

"மாறி விளங்கிட்டீங்களா? உம்மா, இது என்ன மீன் வாங்கிற கதையா? வாப்பாவக் கொல்லப் பாத்தீங்களே! நானும் ஒங்கட பேச்ச நம்பி ஓட்ஸ் வாங்கித் தந்தனே!" ஜுமானா சத்தம் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நஜ்முன் நிஸா தலையைக் குனிந்துகொண்டாள். ஆதம்பாவா கண்ணைத் திறக்கவில்லை.

ஜுமானா அழுது முடித்து, வாப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஒண்டுக்கும் பயப்படாதீங்க வாப்பா. பொட்டாசியம் இறங்கினாப் பதினெட்டாம் திகதியே செய்ய ஏலுமாம், டொக்டர் சொல்றார். இண்டையிலிருந்து நான்தான் சமைப்பன். உம்மா, நீங்க குசினிப் பக்கம் வந்துடாதீங்க."

"ஓம் மகள்," என்றாள் நஜ்முன் நிஸா.

ஜுமானா போத்தலைத் தூக்கிக்கொண்டு போனாள். வராந்தாவில் குப்பைத் தொட்டி மூடி திறக்கும் சத்தமும், கிரனோலா கொட்டுகிற சத்தமும் கேட்டன. அந்த இடைவெளிக்காகவே காத்திருந்ததுபோல ஆதம்பாவா வாயைத் திறந்தார்.

"நிஸா. வீட்டில இன்னும் கொஞ்சம் இரிக்கா?"

இருந்தது. பிஸ்கட் ரின் ஒன்றில் முக்கால்வாசி இருந்தது. இருக்கு என்றால் இந்த மனுஷன் போய்விடுவார். இல்லை என்றால் பதினெட்டாம் திகதி அந்தப் பிள்ளை மேசையில் ஏறுவாள். எதைச் சொன்னாலும் அவள் கையால்தான்.

"இல்ல," என்றாள் நஜ்முன் நிஸா.

"அப்ப நீயும் அவள வெட்டத்தான் குடுக்கிற," என்று சொல்லிவிட்டு ஆதம்பாவா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நஜ்முன் நிஸா விலகிக் கிடந்த போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.