பதிவேட்டில் ஒரே ஒரு சேவுகன்

மெட்ராசிலிருந்து கடிதம் வந்த அன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அமராவதி கத்தினாள். என் பெண்டாட்டிக்குச் சந்தோசம் வந்தாலும் கத்தல்தான், கோபம் வந்தாலும் கத்தல்தான். நான் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஆளும் சரக்கும் ஏற்றுகிற ஒரு சின்ன விமானக் கம்பெனி, என்னைத் துணை விமானியாகப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. முப்பத்தைந்து வயது முடியவில்லை என்பதற்குப் பிறப்புப் பதிவின் நகல் மட்டும் ஒரு மாதத்துக்குள் வேண்டும். எனக்கு முப்பத்து நாலு. சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை. சோறு போடு என்றேன்.

“மனுசனா நீங்க? கல்லு!” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. சின்ன வயதிலிருந்தே எது நடந்தாலும் பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரிதான் எனக்கு இருக்கும். கல்யாணத்தன்றும் அப்படித்தான், அப்பா செத்த அன்றும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் விமானப்படைக்கு லாரி ஓட்டினேன். திரும்பி வந்து புதுக்கோட்டை – திருமயம் பஸ் ஓட்டினேன். முப்பத்தோரு வயதில் என் பங்கு நிலத்தை விற்று மெட்ராசில் விமானம் ஓட்டப் படிக்கப் போனபோது, ஊரே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றது. இருக்கட்டுமே! பஸ் ஓட்டினவனுக்கு மட்டும் புத்தி தெளிவாகவா இருக்கிறது?

அங்கே கூடப் படித்தவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பையன்கள். என்னை மாமா என்றார்கள். சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கே இருபத்தாறு வயதுதான். என் கால்தான் எனக்கு எதிரி. பன்னிரண்டு வருசம் பிரேக்கை மிதித்த வலது கால், தரையைப் பார்த்ததும் தானாக அழுத்தும். பஸ் என்றால் நிற்கும். விமானத்தில் கால்மிதி திருப்புவதற்கு; அது நிற்காது, வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஓடும். மூன்று தடவை புல்லுக்குள் விட்டேன். “இது திருமயம் ஸ்டாப்பிங் இல்ல, மாமா!” என்று பையன்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை.

முதல் முறை தனியாக ஏறிய நாள் மட்டும் வேறு. வாத்தியார் உட்காரும் முன்பக்க இருக்கை காலியாக இருந்தது. தரை கீழே போனதும், இது என் கை, இது என் கால், இந்தப் பயம் என் பயம் என்று தெரிந்தது. இறங்கியதும் அது போய்விட்டது. அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் நான் மூன்று வருசம் அங்கே கிடந்தேன்.

பிறப்பு நகலுக்காகத் திருமயம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா ஆவுடையப்பன் பதிவேட்டைப் புரட்டி எழுதிக்கொடுத்தார். சேவுகன், ஆண், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, ஆகஸ்ட்.

“இது நான் இல்லங்க. நான் பொறந்தது இருபத்திரண்டாம் வருசம், ஏப்ரல். இதுப்படி எனக்கு முப்பத்தஞ்சு தாண்டிருமே.”

“ஒங்க அப்பா பேரு கருப்பன், ஆத்தா பேரு அழகம்மாள்தானே? அந்த வீட்டுல சேவுகன் ஒருத்தன்தான் இருக்கான்.” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மூக்கையே பார்த்தார். “தொளை இருக்கே. ஒங்களுக்கு முன்னால ஒண்ணு தவறிப்போச்சா?”

எங்கள் பக்கத்துக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை செத்து அடுத்தது பிறந்தால், அதையும் எமன் கொண்டுபோகக் கூடாது என்று மூக்கைக் குத்திவிடுவார்கள். மெட்ராசில் உடம்பைச் சோதித்த டாக்டர்தான் இது என்ன காயம் என்று கேட்டார்.

எனக்கு முன்னால் ஒருவன் இருந்ததை அப்பாதான் சொன்னார். நான் படைக்குப் போகிற அன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். தலைப்பிள்ளைக்குச் சேவுகன் பேர் வைப்பதாகக் குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தார்களாம். அவன் அம்மையில் போனதும், நேர்ந்த பேர் வீணாகக் கூடாது என்று அதே பேரை எனக்கு வைத்தார்களாம். பதிவேட்டில்தான் சேவுகன் ஏற்கெனவே இருக்கிறானே, மறுபடி எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டாராம். செத்ததையும் எழுதவில்லை. “ஆத்தாகிட்டக் கேட்டுராதே” என்று மட்டும் சொன்னார்.

ஆவுடையப்பன் பேனாவை மூடினார். “தொளையை நான் நம்புவேன். கம்பெனிக்காரன் நம்புவானா? ஒங்க ஆத்தா தாசில்தார் முன்னால வந்து, மூத்தவன் செத்துப்போனான், இவன் ரெண்டாவதுன்னு சத்தியம் பண்ணணும். வேற வழி இல்ல.”

ஆத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள்.

“யாரு செத்தா? என் புள்ளை எதுத்தாப்புல நிக்கிது, செத்துப்போச்சுன்னு சத்தியம் பண்ணச் சொல்றியா?”

“ஆத்தா, அவன் வேற, நான் வேற.”

“போடா! அம்மை போட்டு அவன் கண்ணை மூடுன ராத்திரிதான் என் வயித்துல மொதமொத அசைவு தெரிஞ்சுச்சு. அஞ்சு மாசம். அங்கிட்டுப் போனவன் இங்கிட்டு வந்துட்டான். நான் ஒரு சொட்டு அழுகலை. எதுக்கு அழுகணும்?”

அமராவதிக்குப் பொறுக்கவில்லை. “அத்தை, நிலத்தை வித்தாச்சு. மூணு வருசம் தனியாக் கெடந்தேன். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சா போயிரும்?”

“கொறைஞ்சுதான் போயிரும்” என்றாள் ஆத்தா.

இருபது நாள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பழைய முதலாளியிடம் போய் மறுபடி பஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார். வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறினேன். ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வானத்துல போறது அம்புட்டுப் பிடிக்குமாய்யா?”

“அங்க இருக்கையிலதான் ஆத்தா, நான் இருக்கேன்னு எனக்கே தெரியுது.”

அவள் காக்கிச் சட்டையை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். மறுநாள் காலையில் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

தாசில்தார் பொறுமையான மனிதர். “மூத்த மகன் இறந்துட்டாரா அம்மா?” என்று கேட்டார். ஆத்தா மேசையைப் பார்த்தபடி நின்றாள். அவர் இன்னொரு முறை கேட்டார்.

“ரெண்டு வருசமும் நாலு மாசமும் இருந்தான்” என்றாள். “மார்கழி மாசம். காது குத்தலை. முடி எறக்கலை. தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

“இவர்?”

ஆத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை புதிதாக இருந்தது. “இது பெறகு பொறந்தது. வேற புள்ளை.”

கைநாட்டு வைத்தாள். ஆவுடையப்பன் முத்திரை குத்திக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார்.

வெளியே வந்தாள். புளியமரத்தடியில் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். “என்னப் பெத்த ராசா! தண்ணி கேட்டியே, குடுக்கலையே!” முப்பத்தைந்து வருசத்து அழுகை. ஆபீசுக்கு வந்தவர்கள் நின்றார்கள். யாரம்மா செத்தது என்று ஒருத்தி கேட்டாள். மகன் என்றாள் ஆத்தா. எப்போது என்றதற்கு, “இப்பத்தான்” என்றாள்.

நான் காகிதத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னை அவள் இப்படி ஒரு நாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை. அந்த ரெண்டு வயதுக் குழந்தை மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம் கெட்ட பொறாமை. இருந்தது, மறைப்பானேன்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாள். ஊர் நெருங்கும்போது, “ஏய்யா, அவன் பேரையே ஒனக்கு வச்சுட்டேன். அவன் சட்டையையே போட்டுவிட்டேன். ஒனக்குன்னு நான் ஒண்ணும் செய்யலையே” என்றாள். பரவாயில்லை ஆத்தா என்றேன். பரவாயில்லை என்பது பொய்.

தை மாதம் முதல் பயணம். மெட்ராசிலிருந்து திருச்சி, அங்கிருந்து மதுரை. நான் வலது பக்க இருக்கை. திருச்சியில் ஏறிச் சற்று நேரத்தில் இடது பக்கம் தூரத்தில் திருமயம் கோட்டை தெரிந்தது. “உங்க ஊரா?” என்றார் கேப்டன். ஆமாம் என்றேன். தனியாகப் பறந்த அன்று வந்தது வரும் என்று காத்திருந்தேன். அந்தக் கையும் காலும் என்னுடையவை என்று தெரிந்தது. கூடவே, அந்தக் காகிதத்தில் இருந்த மார்கழியும் தெரிந்தது.

மதுரையில் இறங்கும்போது கால் பிரேக்குக்குப் போகவில்லை. கேப்டன் பறத்தல் குறிப்பேட்டை நீட்டி, “பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

என் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தேன்.