சத்தம் கனக்கும் வரை

கிண்ணத்துக்குள் சளக் சளக்கென்று தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். கிரீம் அடிக்கும் மெஷினின் கம்பிக்கூடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் கிரீம் இல்லை. வெண்ணெய் மஞ்சளாகத் திரண்டு கம்பிகளில் அப்பிக்கிடந்தது, வெளுத்த மோர் மேடையெல்லாம் தெறித்திருந்தது. எதிர் வீதி டீச்சரின் மகளுக்குச் சாயங்காலம் கொடுக்கவேண்டிய பிறந்தநாள் கேக்கின் மேல் பூச வைத்திருந்த கிரீம் அது.

மெஷினை நிறுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருந்தார். அவர் எப்போதோ தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் போகவில்லை. மாவு டின்னை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவனை மாப்பிள்ளை என்று முதலில் கூப்பிட்டவர் மாமனார்தான். அதில் மரியாதை பாதி, குத்தல் பாதி. வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியபின் மனைவியின் சம்பளத்தில், மனைவியின் அப்பா கட்டிய வீட்டில் குடியேறியவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? வீட்டோடு மாப்பிள்ளை என்பதில் முன்பாதியை மட்டும் அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அதுதான் அவன் பெயராகிப்போனது. சும்மா இருக்கவேண்டாமே என்று கேக் செய்யக் கற்றுக்கொண்டு, கை மிக்ஸரில் முட்டை அடித்துத் தோள்பட்டை கழன்றபோது, "ஒரு நல்ல மெஷின் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே" என்று சொன்னவரும் அவர்தான். அப்போது அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். அவன் கண் போனது பளபளவென்று சிவப்பாக இருந்த ஒன்றின்மேல். கடைக்காரர் அதன் வாட்ஸைச் சொன்னார், வேகங்களைச் சொன்னார், கூடவே தரும் இலவச அளவுக் கரண்டிகளைச் சொன்னார். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க, தலகாணி மாதிரி இருக்கு? ரொட்டி மாவைப் போட்டா இது மேடை மேலயே வாக்கிங் போகும்."

"லைட் வெயிட் சார். லேடீஸுக்கு ஈஸி."

"எங்க வீட்ல லேடீஸ் ஆபீஸ் போறாங்க. இவருதான் சமையல்கட்டு. உள்ள பல்சக்கரம் இரும்பா, பிளாஸ்டிக்கா? அதைச் சொல்லுங்க."

கடைக்காரருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஆலையில் மோட்டார் பிரிவு மெக்கானிக்காக இருந்த மனிதர் சும்மா விடுவாரா? ஒவ்வொரு மெஷினாக ஓட்டச் சொல்லி அதன் தலையில் கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றார். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு சாம்பல் நிறக் கனத்த சனியனைத் தேர்ந்தெடுத்தார். பேரழகில்லை, சத்தம் வேறு. இருவராகத் தூக்கித்தான் ஆட்டோவில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கம்பிக்கூடு கிண்ணத்தின் அடியைத் தொடாமலும் அடிமாவை விட்டுவிடாமலும் ஓடும்படி திருகை அரைச் சுற்று திருப்பிவைத்தார். மாப்பிள்ளை அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் வேகத்தைக் கூட்ட, மைதா முழுக்க முகத்துக்கு வந்தது, தலைமுடியெல்லாம் வெளுத்துப்போனது.

"இப்பத்தான் நம்ம ரெண்டு பேரும் ஒரே வயசு" என்றார் மாமனார். அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தது.

பிறகு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சமையல்கட்டுக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டார்கள். குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அவன் கிரீம் அடித்துக்கொண்டிருக்கையில் ஸ்பூன் தட்டியது. மூத்திரப் பாத்திரம் வைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர்ற? மெஷினை நிறுத்து. சத்தம் கனத்துப்போச்சு பாரு" என்றார் மூச்சுக்காற்றில்.

போய்ப் பார்த்தால் கிரீம் பதமாக நின்றது. ரொட்டி மாவுக்கும் அப்படியே. மாவு பிசையும் கொக்கியைச் சுற்றி ஒரே உருண்டையாகச் சேர்ந்ததும் மோட்டார் முனக ஆரம்பிக்கும். அந்த முனகல் அவனுக்குக் கேட்காது, அவருக்குக் கேட்கும். அதற்குப் பிறகு அவன் கிண்ணத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். மெஷினைப் போட்டுவிட்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். ஈரத்துணி மாற்றுவதும், புரட்டிப்போடுவதும், கஞ்சி ஊட்டுவதும், ஆர்டர் பிடிப்பதுமாகக் கழியும் நாளில் அவன் முதுகு ஓய்ந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அவர் தட்டுவார், கண்ணைத் திறப்பான்.

அவன் மனைவி, மாமனாரின் இளைய மகள், அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தினமும் செருப்பை மாட்டும்போது சொல்வாள்: "அப்பாவை ஒத்தையா விட்றாதீங்க." ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா போனபோது பக்கத்தில் யாரும் இல்லை. அவள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமனாருக்கு அது ஆறவே இல்லை. சாவு பயம் இல்லாத மனிதர், அப்படிப் போய்விடுவோமோ என்று மட்டும் பயந்தார்.

டின்மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு அமைதி அந்த வீட்டில் இருந்து எத்தனையோ காலமாயிற்று. அது அவனுக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. எழுந்து போனான்.

மாமனார் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். ஸ்பூன் போர்வை மடிப்பில் கிடந்தது. நெற்றியில் கை வைத்தான். "மாமா" என்றான், கேட்காது என்று தெரிந்தும்.

எதிர்வீட்டு கம்பவுண்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவந்து இறப்புச் சான்று எழுதி வாங்கிக்கொடுத்தார். மனைவிக்கு மாப்பிள்ளை போன் செய்தான். "ஆட்டோ பிடிச்சு வா" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. அவள் புரிந்துகொண்டாள். பெரிய மகளுக்கு கம்பவுண்டரே தகவல் சொன்னார். அவள் வெளியூரிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள்.

கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். தெரு வந்து உட்கார்ந்தது. கம்பவுண்டர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தூக்கத்துலயே போயிட்டாரு. மாப்பிள்ளை பக்கத்துலயேதான் இருந்திருக்காரு. பெத்த பையன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்." இதை அவன் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. மறுத்தால் இன்னும் பத்து வார்த்தை பேசவேண்டும், அதற்குத் தெம்பில்லை. டீச்சர் வந்து முதல் மூச்சிலேயே, "கேக்கைப் பத்தியெல்லாம் யோசிக்காதீங்க தம்பி" என்றார். யோசித்துக்கொண்டிருந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மனைவி வர நேரமானது. சாலையில் நெரிசலாக இருக்கும் என்றார்கள். வந்தவள் அழவில்லை. அப்பாவின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அவனிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"பக்கத்துலயே இருந்தீங்களாமே. வாசல்ல சொன்னாங்க. எனக்கு அது போதும்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் முதல் வகையாக எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கமுடியாமல், தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டான்.

கம்பிகளில் வெண்ணெய் அப்படியே உறைந்து நின்றது. அதைக் கழுவ ஆரம்பித்தான். வெந்நீர் இல்லாமல் பிசுக்கு போகவில்லை. தேய்த்துக்கொண்டே நின்றான். கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னாலேயே வந்து மாவு டின்மேல் உட்கார்ந்தாள்.

இப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்த ஒருவரும் முன்னறையில் படுத்திருக்கிறார். ஆனால் அந்த நிம்மதியைத் தினமும் காலையில் செருப்பு மாட்டும் முகத்தில் பார்க்கவேண்டும்.

"நான் பக்கத்துல இல்ல" என்றான், குழாயைப் பார்த்து.

"கம்பவுண்டர் சொன்னாரே."

"அது அவரா சொல்லிக்கிட்டது. நான் இங்க இருந்தேன். மெஷின் ஓடிட்டிருந்துச்சு. தட்டுவாரு தட்டுவாருன்னு கண்ணை மூடிட்டு நின்னேன். கிரீம் வெண்ணெயாப் போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது."

குழாய் சொட்டியது. அவன் அதை மூடினான்.

"தெரிஞ்சதும் போனீங்களா?"

"போகல."

"ஏன்?"

"முடியல. நீ உட்கார்ந்திருக்கியே, அதுலதான் உட்கார்ந்திருந்தேன். போனா திரும்ப எல்லாம் ஆரம்பிக்கும். போகாம இருந்தா... கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடமாட்டாங்கன்னு இருந்துச்சு." கம்பிக்கூட்டைக் கவிழ்த்து வைத்தான். "நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. அதைக்கூட செய்யல."

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்.

"நான் ஆட்டோ பிடிக்கல" என்றாள்.

"என்ன?"

"போன் வந்ததும் கிளம்பிட்டேன். எல்லாரும் ஓடு ஓடுன்னாங்க. பஸ் ஸ்டாப்புக்குத்தான் போனேன். நம்ம பஸ் வந்துச்சு. காலியா வந்துச்சு. ஏறல. அடுத்ததும் வந்துச்சு. அதுலயும் ஏறல." தோளில் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பெஞ்சுல காலை நீட்டி உட்கார்ந்துட்டேன். பக்கத்துல ஒரு அம்மா வேர்க்கடலை சாப்பிட்டுட்டிருந்தாங்க. எனக்கும் சாப்பிடணும்போல இருந்துச்சு."

"வாங்குனியா?"

"வாங்குனேன்."

வாசலில் கார் வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தும் சத்தத்தோடு பெரிய மகளின் அழுகை வீட்டுக்குள் வந்தது. "சின்னவ எங்க?" என்று கேட்டாள். "உள்ள இருக்காங்க" என்றார் கம்பவுண்டர். "மாப்பிள்ளையும் கூட இருக்காரு."

அவள் எழவில்லை. கைப்பையைத் திறந்து, பாதி காலியான காகிதப் பொட்டலத்தை எடுத்து மேடையில், மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு கடலையை எடுத்து ஓட்டை உடைத்தான். உள்ளே இரண்டு பருப்பு இருந்தது.