சத்தத்தைக் கூட்டியவன்

கார் ஷெட்டில் வாசித்து, அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு காதைப் பிளக்கும் அந்த மெட்டல் இசைக்குழுவை வளர்த்தவன் கிட்டார் அண்ணன். நேற்றுப் பாட வந்த தம்பிக்குத்தான் கைதட்டல் அத்தனையும். அண்ணனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்த முதல் ரெக்கார்டிங்கில், 'இவன் குரல் எப்படிக் கேட்கும், பார்த்துவிடலாம்' என்று கிட்டார் சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டான். தம்பி அதை மீறிக் கத்தினான். தொண்டை கிழிந்து உறுமலாக வந்தது குரல். கண்ணாடிக்குப் பின்னால் ரெக்கார்டிங்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த உறுமலுக்காகவே பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இப்போது ஒவ்வொரு மேடையிலும் தம்பி திரும்பிச் சிரிக்கிறான்.

"அண்ணே, சத்தத்தைக் கூட்டு. நீ என்னை அமுக்கினாத்தான் எனக்குக் குரலே வருது."