சில்லுக்கு வைத்த கல்

மத்தியாஸின் விரல்களில் செபமாலையைச் சுற்ற வேண்டும். அதற்கு முன்னால் அவற்றில் படிந்த கறுப்பைப் போக்கிவிட வேண்டும் என்று இசபெல் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறிய மசகு இலேசில் போவதாக இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அண்ணன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, டிரைவர் கை அப்படித்தான் இருக்கும் என்று அதட்டியிருப்பான். இப்போது பேசாமல் கொடுத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஆஸ்பத்திரியில் ஒட்டிய பிளாஸ்டர் இருந்தது. முகம் என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பிளாஸ்டரைத்தான் பார்த்தார்கள்.

தேயிலைத் தோட்டத்துச் சின்னதுரைக்குக் கார்ப் பைத்தியம். பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, பிறக்கப்போகும் ஏப்ரலில் நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டியே தீருவது என்று நின்றான். அதற்காகக் கனமான இரும்புச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, பாரம் குறைந்த அலுமினியக் கலவைச் சில்லுகளைப் போடச் சொன்னான். போட்டவன் தோட்டத்துக் கராஜ் மெக்கானிக் சூசைரட்ணம், இசபெலின் புருஷன். ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனவன் டிரைவர் மத்தியாஸ், இசபெலின் கூடப்பிறந்த அண்ணன். நேற்று மத்தியானம் நானுஓயாப் பாதையில் ஒரு வளைவில் காருக்குப் பக்கத்தில் கிடந்தவனை, பஸ்ஸில் வந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மாரடைப்பு என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

லயத்துச் சனங்களுக்கு அது போதவில்லை. புதுச் சில்லு, மாட்டிய அன்றே சாவு, நெற்றியில் காயம். கண், காது, மூக்கு வைத்துப் பேச இதைவிட என்ன வேண்டும்? சில்லு கழன்றுவிட்டது என்றார்கள். கழன்ற சில்லு தேயிலைக்குள் உருண்டோடியதைத் தன் கொழுந்தன் கண்ணால் பார்த்ததாகப் பேச்சியம்மா தண்ணீர்ப் பீலியடியில் சத்தியமே செய்தாள். மச்சானுக்கு மச்சானே எமனாகிவிட்டான் என்று யாரோ சொன்னது இசபெலின் காதிலும் விழுந்தது.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அண்ணி மார்கிரட் நேற்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. அழும்போதுகூட இசபெலின் தோளைத் தவிர்த்து வேறு தோளைத் தேடினாள். சூசைரட்ணமோ வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. பீலிக்குப் பக்கத்துத் திட்டில் குந்தியிருந்தான். யாரோ கொடுத்த பிளேன்டீ அவன் காலடியில் ஆறிக் கிடந்தது.

இசபெலுக்குப் புருஷனின் வேலை தெரியும். கொழும்பிலிருந்து இரண்டு செட் சில்லுகள் வந்தபோது பார்த்தவள் அவள். ஒன்று பளபளவென்று இருந்தது, மற்றது மங்கல். சின்னதுரைக்குப் பளபளப்பின் மேல்தான் கண். சூசைரட்ணம் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அவள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து சோக்குக் கட்டி கொண்டுவரச் சொல்லி, பொடித்துப் பூசி வைத்தான். சற்று நேரத்தில் பளபளப்பானதில் நட்டுத் துவாரத்துக்குப் பக்கத்தில் மயிர்க்கோடாய் எண்ணெய் கசிந்தது. வெடிப்பு. மங்கலான செட்டையே எடுத்தான். அலுமினியம் தடிப்பு என்பதால் நீளமான போல்ட்டுகள் போட்டான். பழைய நட்டு அதில் சரியாக உட்காராது என்று அந்தச் சில்லுக்கே உரிய நட்டுகளைத் தேடி எடுத்து, எதிரெதிராக மாறி மாறி முடுக்கினான். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் காரைக் கீழே இறக்கினான். இப்படிப்பட்டவனா சில்லைச் சரியாக மாட்டாமல் விட்டுவிடுவான்?

ஆனால் இன்று காலை அவனே அவளிடம் சொன்னான்.

"புதுசா மாட்டுன அலுமினியம் ஓட ஓட கொஞ்சம் அமுங்கி ஒக்காரும், புள்ள. சும்மா ஒரு பத்து மைல் ஓடிட்டு நிப்பாட்டி, எல்லா நட்டையும் திரும்ப முடுக்கணும். அத மச்சான்கிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து தேயில ஸ்டோருல மோட்டர் நின்னு போச்சுன்னு கூப்புட்டாங்க. சொன்னேனா, சொல்லாம போயிட்டேனான்னு ஞாபகமே வரல."

அண்ணனை இழந்த துக்கத்தை அழுது தீர்த்துவிடலாம். அண்ணனைக் கொன்ற கைக்கு ஆயுள் முழுக்கச் சோறு போடுவது எப்படி என்றுதான் இசபெலுக்குத் தெரியவில்லை.

விரல்கள் ஒருவழியாக வெளுத்தன. செபமாலையைச் சுற்றிவிட்டு எழுந்தாள். அடக்கச் செபத்துக்குச் சுவாமியார் வர இன்னும் நேரமிருந்தது. யாரிடமும் சொல்லாமல் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த கராஜுக்கு இறங்கினாள்.

கார் உள்ளேதான் நின்றது, நாலு சில்லுகளோடும் நின்றது. உருண்டோடிய சில்லுக்குச் சத்தியம் செய்தவர்களில் ஒருவர்கூட இவ்வளவு தூரம் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இசபெல் ஸ்பேனரைத் தேடி எடுத்து முன்சில்லில் மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். அசையவில்லை. மற்ற முன்சில்லும், வலது பின்சில்லும் அப்படியே. இடது பின்சில்லுக்கு வந்தாள். இரண்டு நட்டுகள் இறுக்கமாக இருந்தன. மற்ற இரண்டும் அவள் அழுத்தியதும் கொஞ்சம் திரும்பிக் கொடுத்தன.

பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

வெளியே லொறி வந்து நின்றது. விடியுமுன்பே நானுஓயா ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன சோலைமலை அப்போதுதான் திரும்பியிருந்தான். நேற்று அந்தக் காரைக் கட்டி இழுத்து வந்தவனும் அவன்தான். அவளைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். செத்த வீட்டுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல, குளித்துவிட்டு உடனே வருவதாகச் சொன்னான். இசபெல் சுற்றி வளைக்கவில்லை. காரை எப்படிக் கண்டான் என்று நேராகவே கேட்டாள்.

"எப்புடின்னா... ஓரமா நிப்பாட்டித்தான் இருந்துச்சு, தங்கச்சி. ஹேன்ட் பிரேக் போட்டிருந்துச்சு. சில்லுக்கு ரெண்டு கல்லும் ஒங்க அண்ணன் வச்சிருந்தாரு. இந்தா, இந்த ஸ்பேனர் பின்சில்லு நட்டுலேயே மாட்டுனபடி தொங்குச்சு. மட்காட்டுல ஒரு பொட்டு ரத்தம். குந்துன எடத்துலயே சாஞ்சிருக்கும் போல."

"கல்லா? கல்லப் பத்தி யாரும் சொல்லலையே."

சோலைமலை கொஞ்சம் வெட்கப்பட்டான். பஸ்காரர்களுக்கு ஆளைத் தூக்கத்தான் நேரம் இருந்தது, கல்லை யார் பார்த்தார்கள்? காரை இழுக்கும்போது அவன்தான் கல்லை எடுத்து வீதியோரக் கானில் போட்டானாம். மலைப்பாதையில் டிரைவர்மார் தம் வண்டிக்கு வைத்த கல்லை வீதியில் விட்டுப் போக மாட்டார்கள். பின்னால் வருகிறவன் ஏறிக் கவிழ்ந்தால் அந்தப் பாவம் யாருக்கு? ஸ்பேனரையும் களவு போகாமல் அவன்தான் காருக்குள் போட்டானாம். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சில்லு கழன்று ஓடுகிற காருக்கு யாரும் கல் வைக்க முடியாது. நின்று, கல் வைத்து, மூன்று சில்லுகளையும் முடுக்கி முடித்து, நாலாவதில் இரண்டு நட்டுகளை இறுக்கியபோது சாய்ந்திருக்கிறான். புருஷன் சொல்லித்தான் இருக்கிறான். அண்ணனும் கேட்டுத்தான் இருக்கிறான்.

சோலைமலை அவள் வயிற்றில் பாலை வார்த்துவிட்டான். இசபெல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. செத்த வீட்டுக்காரி சிரிக்கலாமா என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்குள் அது அழுகையாக மாறிவிட்டது. நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டு நின்ற அழுகை. அண்ணன் போனது போனதுதான். ஆனால் அண்ணனும் புருஷனும் ஒரே நாளில் போய்விடவில்லை.

பீலியடியில் சூசைரட்ணத்திடம் முதலில் சொன்னாள். "சொல்லித்தான் அனுப்பியிருக்கீங்க," என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் எழுந்து சட்டையோடு பீலிக்கடியில் தலையைக் கொடுத்துக் குனிந்து, வெகுநேரம் நிமிராமல் நின்றான். தண்ணீர் எது, கண்ணீர் எது என்று பார்க்கப் பேச்சியம்மாவாலும் முடியவில்லை.

வீட்டுக்குள் சோலைமலை மார்கிரட்டின் முன்னால் நின்று, கராஜில் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னான். மார்கிரட் எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு பயந்திருப்பாரா?"

"இல்லீங்க," என்றான் சோலைமலை. "குந்தி வேல பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

அவள் தலையாட்டினாள். பிறகு நேற்றிலிருந்து முதல் தடவையாக இசபெலின் பக்கம் சாய்ந்தாள். அந்தப் பாரம் தோளில் விழுந்ததும் இசபெலுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

சுவாமியார் வந்து செபம் சொல்லி முடித்தார். பெட்டி மூடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தச்சன் திருகாணிகளையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தபோது, மார்கிரட் கையை நீட்டித் தடுத்தாள். கூட்டத்துக்குப் பின்னால் ஈரச் சட்டையோடு நின்றவனைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க வந்து முடுக்குங்க."

சூசைரட்ணம் வந்தான். தலைமாட்டு மூலையில் ஒன்றைப் பாதி முடுக்கினான். அடுத்ததற்குப் போகாமல், சுற்றிக்கொண்டு போய்க் கால்மாட்டில் எதிர் மூலையில் ஒன்றை முடுக்கினான். மறுபடி தலைமாடு, மறுபடி கால்மாடு. எல்லாம் இறுகிய பிறகும் திருப்புளியைக் கீழே வைக்காமல், முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாக இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் முடிக்கும்வரை யாரும் பெட்டியில் கை வைக்கவில்லை.